எவர்சில்வரின் வரலாறு – 12: கோடம்பாக்கத்துத் தொட்டி, கல்பாக்கத்துக் கலன்

சென்ற அத்தியாயத்தை 1913 ஆகஸ்ட் 13 அன்று ஷெஃபீல்டு நகரில் நிறுத்தினோம். 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கரியும் கலந்த எஃகை ஹாரி ப்ரேர்லி உலையிலிருந்து வார்த்தெடுத்த நாள் அது. அதற்குச் சுமார் பத்து மாதங்கள் முன்பே, 1912 அக்டோபரில், ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டிருந்தது. பெனோ ஸ்ட்ராஸ், எட்வர்ட் மௌரர் என்ற இருவரின் உழைப்பு. ப்ரேர்லியின் எஃகு கத்திக்குப் போனது. க்ருப் எஃகின் வம்சம்தான் நம் வீட்டுத் தட்டுக்கும் தம்ளருக்கும் வந்து சேர்ந்தது.

துரு ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு அங்கேயே விடை சொல்லிவிட்டோம். குரோமியம் பத்தரை சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு படலம் கட்டிக்கொள்கிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே ஆறிவிடும். வாசகர்கள் பலர் எழுப்பக்கூடிய அடுத்த கேள்விக்கு இப்போது வருவோம். துரு பிடிக்காதது சரி, பலம் எங்கிருந்து வந்தது? தூய இரும்பு மெத்தென்ற உலோகம். தூய நிக்கலும் அப்படித்தான். மெத்தென்ற இரண்டை உருக்கிக் கலந்தால் உறுதியான ஒன்று கிடைப்பானேன்?

இதற்கு ப்ரேர்லியிடமும் விடை இல்லை, க்ருப்பிலும் இல்லை. அவர்கள் கலந்து பார்த்தார்கள், வந்தது. அவர்களுக்கு 90 ஆண்டுகள் முன்பு ஃபாரடேயும் ஸ்டோடார்ட்டும் நம் தென்னாட்டு உருக்கைப் போலச் செய்யப் பார்த்து, பிளாட்டினம், வெள்ளி, நிக்கல், குரோமியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எஃகில் போட்டு உருக்கினார்கள். அவர்களும் அதே வழியில் போனவர்கள்தான். அணு எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கும் கருவி அன்று உலகத்திலேயே இல்லை. அந்தக் கருவிகள் வரும்வரை பொறுக்காமல், எவர்சில்வர் பல ஊர்களில் பல வேலைகளுக்குப் போய்விட்டது. அவற்றில் ஒரு வேலை, சமையலறையைவிடக் கொடுமையானது, கோடம்பாக்கத்தில் இருந்தது.

ஹைப்போவின் கடி

காரைக்குடியிலிருந்து ஏவி.எம். ஸ்டூடியோ 1948இல் சென்னைக்கு வந்தது. வாஹினியும் அதையடுத்துப் பல ஸ்டூடியோக்களும் சூழ, கோடம்பாக்கம் என்ற பெயர் வடபழனி, சாலிகிராமம் வரை நீண்டு, ஒரு தொழிலின் பெயராகவே மாறியது. படப்பிடிப்புத் தளத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. படம்பிடித்த நெகட்டிவ் அன்றிரவே போய்ச் சேர்ந்த இடமான லேப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 1976இல் தொடங்கிய பிரசாத் லேப், ஜெமினி, விஜயா என்று லேப்களின் பெயர்கள் ஒவ்வொரு படத்தின் டைட்டிலிலும் ஓடும். உள்ளே நடப்பது முழுக்க ரசாயனம்.

ஃபிலிம் உருளைகளின் மேல் ஏறி இறங்கி, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். டெவலப்பர், அமிலக் குளியல், பிளீச், தண்ணீர், ஃபிக்ஸர், மறுபடி தண்ணீர். 1974இல் கோடாக் கொண்டுவந்த கலர் நெகட்டிவ் முறையில் டெவலப்பரின் வெப்பம் 41.1 டிகிரி செல்சியஸ். பத்தில் ஒரு டிகிரி பிசகினாலும் நிறம் மாறும் என்பதால்தான் தசமப் புள்ளிக்குப் பின்னும் ஓர் எண். அந்தச் சூட்டில், அந்தக் கரைசலில், இரவும் பகலும் நிற்க வேண்டியது தொட்டியின் உலோகம். அதிலிருந்து ஒரு துரும்பு பெயர்ந்தாலும் அது ஈரமான நெகட்டிவ்வில் ஒட்டும், கீறும். அந்த நெகட்டிவ்வுக்கு நகல் கிடையாது. நாயகனின் கால்ஷீட் திரும்பி வராது.

இவற்றில் மோசமானது ஃபிக்ஸர். அதன் உயிர், லேப்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் தயோசல்பேட். ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது அதன் வேலை. அதில் கந்தகம் இருக்கிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட சாதாரண 18/8 எவர்சில்வரின் படலத்தில் ஓரிடத்தில் பொத்தல் விழுந்தால், ஹைப்போவிலிருந்து பிரிந்த கந்தகம் அந்த இடத்தில் படிந்து, படலம் மறுபடி கட்டாதபடி தடுத்துவிடும். வெளியே ஊசிமுனைப் புள்ளி, உள்ளே குடைந்த பள்ளம். இதனால் ஃபிலிம் கழுவும் கருவிகளுக்கு 316 என்ற வகைதான் வேண்டும் என்று உலகெங்கும் வழக்கமானது. கோடாக்கின் கையேடுகளும் அதையே சொல்லின. கலர் பிளீச்சுக்கு அதுவும் போதாமல் டைட்டானியம் வரை போக வேண்டியிருந்தது தனிக் கதை.

எவர்சில்வர் இன்னொரு வகையிலும் லேப்களுக்கு உதவியது. ஃபிக்ஸரில் கரைந்துபோன வெள்ளியை மீட்கக் கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சுவார்கள். எதிர்மின்வாயாகத் தொங்கும் எவர்சில்வர் தகட்டில் அசல் வெள்ளி படியும். உரித்தெடுத்து எடைக்குப் போடலாம்.

304 எனப்படும் அந்தச் சாதாரண 18/8க்கும் 316க்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: மாலிப்டினம். 316இல் அது 2 முதல் 3 சதவீதம். கந்தகத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டு மேற்பரப்பைவிட்டு வெளியேறி, படலம் மறுபடி கட்ட வழிவிடுவது அதன் குணம். அரிப்பைத் தடுப்பதற்காகத்தான் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அணுவின் அளவு ஒரு வேலையோடு நிற்க விடுவதில்லை. ஹைப்போவுக்காக உள்ளே வந்த அந்த அணு, எஃகின் பலத்தையும் கூட்டியது. அந்த உபரி பலத்துக்காகவே 316ஐத் தேடிப்போன இன்னொரு இடம், கோடம்பாக்கத்துக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. அங்கே போகும் முன் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும்.

வரிசையில் ஒரு பிசகு

1926இல் ரஷ்ய இயற்பியலாளர் யாகோவ் ஃப்ரெங்கல் ஒரு கணக்குப் போட்டார். உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக இருக்கின்றன. ஓர் அடுக்கை அதன் கீழடுக்கின் மேல் நகர்த்தினால்தான் உலோகம் வளையும். மொத்த அடுக்கையும் ஒரே நேரத்தில் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும்? வந்த விடை, உண்மையில் உலோகங்களை வளைக்கத் தேவைப்படும் விசையைவிட நூறு, ஆயிரம் மடங்கு அதிகம். கணக்கில் தப்பில்லை. அப்படியானால் உலோகங்கள் எல்லாமே இருக்க வேண்டியதைவிட மிகவும் பலவீனமாக இருக்கின்றன. கேள்வியே தலைகீழாகிவிட்டது. எஃகு ஏன் பலமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அது ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று.

1934இல் இங்கிலாந்தின் ஜி.ஐ. டெய்லர், ஹங்கேரியில் பிறந்த ஒரோவான், பொலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். அடுக்குகள் முழுசாக நகர்வதில்லை. எங்கோ ஓர் அணுவரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். அந்தக் குறையைச் சுற்றி அணுக்கள் கொஞ்சம் கோணியிருக்கும். விசை கொடுத்தால் அந்தக் கோணல் மட்டும் ஒவ்வொரு வரிசையாகத் தாண்டிப் போகும். கூடத்தில் விரித்த பவானி ஜமக்காளத்தை நுனியைப் பிடித்து இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஒரு சுருக்கம் எழுப்பி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளமே ஒரு சாண் நகர்ந்திருக்கும். உலோகம் வளைவதும் அப்படித்தான். உலோகவியலார் இதை டிஸ்லொகேஷன் என்பார்கள். நாம் வரிசைப் பிசகு என்று வைத்துக்கொள்வோம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது வெறும் கோட்பாடு. பார்த்தவர் இல்லை. 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ் குழுவினர் அலுமினியத் தகட்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே வரிசைப் பிசகுகளைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜெனீவாவில் வால்டர் போல்மன் என்பவரும் பார்த்தார். அவர் மெலிதாக அரித்தெடுத்து நுண்ணோக்கிக்குள் வைத்த தகடு எவர்சில்வர். ஆக, உலோகங்களின் பலவீனத்துக்குக் காரணமான பிசகை மனிதக் கண் முதன்முதலில் பார்த்த ஓரிரு உலோகங்களில் நம் கதாநாயகனும் ஒன்று.

இனி பலம் என்பதன் பொருள் எளிது. பிசகு ஓடாமல் தடுப்பது எதுவோ அது பலம். தடுக்க வழிகள் பல. அதில் ஒன்று, ஓடும் பாதையில் வேறு அளவுள்ள அணுக்களைப் போடுவது.

யார் எவ்வளவு பெரியவர்

இரும்பு அணுவின் ஆரம் சுமார் 0.126 நானோமீட்டர். குரோமியம் 0.128. நிக்கல் 0.125. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இரும்பு அணு இருக்க வேண்டிய இடத்தில் குரோமியமோ நிக்கலோ உட்கார்ந்தால் அக்கம்பக்கம் அதிகம் கலங்குவதில்லை. மாலிப்டினத்தின் ஆரம் சுமார் 0.139. இரும்பைவிடப் பத்து சதவீதம் பெரியது. அது உட்கார்ந்த இடத்தைச் சுற்றி அணுவடுக்கு புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பைத் தாண்ட, ஓடிவரும் பிசகுக்குக் கூடுதல் விசை வேண்டும்.

கரியும் நைட்ரஜனும் வேறு சாதி. இவை மிகச் சிறியவை என்பதால் யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை. பெரிய அணுக்களுக்கு இடையே இருக்கும் சந்துகளில் நுழைந்துகொள்கின்றன. ஆனால் அந்தச் சந்தும் போதுமான அளவு இல்லை. எவர்சில்வரின் அணுவடுக்கில் இருக்கும் பெரிய சந்தின் ஆரமே சுமார் 0.052 நானோமீட்டர்தான். நைட்ரஜனின் ஆரம் 0.07 அளவு. நெருக்கித்தள்ளி நுழைந்த நைட்ரஜன், எல்லாத் திசையிலும் அணுக்களை விலக்குகிறது. மாலிப்டினம் உண்டாக்கும் புடைப்பு இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

எவ்வளவு வித்தியாசம் என்பதை 1960களில் பிரிட்டனைச் சேர்ந்த பிக்கரிங்கும் அவருடைய கூட்டாளிகளும் கணக்காக்கினார்கள். பல கலவைகளைச் செய்து, இழுத்துப் பார்த்து, எந்தத் தனிமம் எவ்வளவு பலம் தருகிறது என்று ஒரு சூத்திரம் எழுதினார்கள். அதை நமக்குப் பழகிய அளவில் சொன்னால் இப்படி வரும். சாதாரண 304 எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் வரை தாங்க வேண்டிய குறைந்தபட்சம், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கிலோ. குரோமியம் ஒரு சதவீதம் கூடினால் இதோடு சேர்வது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாலிப்டினம் ஒரு சதவீதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நைட்ரஜன்? ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே ஐந்து கிலோ. எடைக்கு எடை பார்த்தால் குரோமியத்தைப்போல் 130 மடங்குக்கு மேல். நைட்ரஜன் அணு இலேசானது என்பதால் அதே எடையில் அதிக அணுக்கள் இருக்கும். அதைக் கழித்துவிட்டு அணுவுக்கு அணு ஒப்பிட்டாலும் சுமார் 35 மடங்கு. நிக்கலுக்கு அந்தச் சூத்திரத்தில் தனி வரியே இல்லை.

பாத்திரத்தின் அடியில் 18/8 என்று பொறித்து விற்கிறோம். அந்த இரண்டு எண்களும் பலத்தைச் சொல்லவில்லை. எஃகில் ஐந்து அணுவுக்கு ஒன்றாக இருக்கும் குரோமியத்தின் பங்கில் ஏறக்குறைய முக்கால்வாசியை, 250 அணுவுக்கு ஒன்றாக இருக்கும் நைட்ரஜன் தந்துவிடுகிறது. கலவையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எங்கே இருக்கிறார்கள் என்பதே பலத்தைத் தீர்மானிக்கிறது. இந்த வரலாற்றின் அடுத்த அரை நூற்றாண்டை நடத்திச் செல்வது இந்தப் பாடம்தான்.

நிக்கல் என்ன செய்கிறது?

அப்படியானால் விலையுயர்ந்த நிக்கலை ஏன் கொட்டுகிறோம்? நிக்கல் பிசகைத் தடுப்பதில்லை. அது வீட்டின் அமைப்பையே மாற்றுகிறது. சாதாரண வெப்பத்தில் இரும்பு அணுக்கள் கொஞ்சம் தளர்வான கனசதுர அடுக்கில் இருக்கும். 912 டிகிரியைத் தாண்டினால் இன்னும் நெருக்கமான அடுக்குக்கு மாறும். 1921இல் சுவீடனின் ஆர்னே வெஸ்ட்கிரென், சூடான இரும்பை எக்ஸ் கதிரால் படம்பிடித்து இதை உறுதிசெய்தார். போதிய நிக்கல் சேர்ந்தால் அந்த உயர்வெப்ப அடுக்கு, எஃகு ஆறிய பின்னும் கலையாமல் நிற்கும். உலோகவியலில் இதற்கு ஆஸ்டெனைட் என்று பெயர். காந்தம் ஒட்டாத, ஆழமாக அழுத்தி உருவம் கொடுத்தாலும் கிழியாத எவர்சில்வர் இதுதான்.

நிக்கலைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். அடுக்கு நிற்கும், ஆனால் உறுதியாக நிற்காது. அடித்தாலோ வளைத்தாலோ அந்த இடத்தில் மட்டும் அணுக்கள் வேறு அமைப்புக்குத் தாவும். மார்ட்டென்சைட் எனப்படும் அந்த அமைப்பு கடினமானது, காந்தத்தை இழுப்பது. ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தை 18/8 பாத்திரத்தின் தட்டையான அடிப்பாகத்திலும், அழுத்தி வளைத்த விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். பல பாத்திரங்களில் விளிம்பு லேசாக இழுக்கும். அடி விழுந்த இடமே பலப்பட்டதற்கு அது சாட்சி.

இந்தக் குணத்தைத் தொழிலாக்கியது ரயில். 6 முதல் 8 சதவீதம் நிக்கல் மட்டும் கொண்ட 301 என்ற வகையைக் குளிர்ந்த நிலையிலேயே உருட்டினால், சதுர மில்லிமீட்டருக்கு 21 கிலோ தாங்கியது முதற்கட்டத்திலேயே 52க்குப் போகும். முழுக்க உருட்டினால் 98ஐத் தொடும். கலவையில் ஒரு துளிகூட மாறவில்லை. இதை நம்பி அமெரிக்காவின் பட் நிறுவனம் மெல்லிய எவர்சில்வர் தகட்டில் ஒரு ரயிலைக் கட்டியது. 1934 மே 26 அன்று பயனியர் செஃபிர் என்ற அந்த ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 13 மணி நேரத்தில் ஓடிக்காட்டியது. வரிசைப் பிசகு பற்றி டெய்லர் எழுதிய அதே 1934. அணுவில் என்ன நடக்கிறது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதே, அது தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது கட்டியது சாதாரண எஃகுப் பெட்டிகளை. 2018இல் அங்கிருந்து வெளிவந்த வந்தே பாரத் ரயிலின் உடல் எவர்சில்வர். 2023 செப்டம்பர் முதல் எழும்பூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் வந்தே பாரத், 1931லேயே மின்மயமான கடற்கரை–தாம்பரம் தடத்தின் வழியே, கோடம்பாக்கம் நிலையத்தில் நிற்காமல் கடந்து போகிறது.

பட் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. பற்றவைக்கும்போது சூடு நீடித்தால், எஃகில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கரியும் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு, படிகத் துகள்களின் எல்லையில் கார்பைடாக ஒதுங்கிவிடும். எல்லையை ஒட்டிய பகுதியில் குரோமியம் குறைந்து, அங்கே துரு புகும். அதனால் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றவைக்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். மெல்லிய தகட்டுக்கு அது சரிப்படும். அங்குலக் கணக்கில் தடிமனுள்ள கலனுக்கு என்ன செய்வது?

கல்பாக்கத்துக் கணக்கு

சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், 1971இல் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 1985இல் அதற்கு இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று அங்கே முதல் வேக ஈனுலை உயிர்பெற்றது. இந்த உலைகளில் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். அதன் பின் அங்கேயே 500 மெகாவாட் உலைக்காகக் கட்டிய பிரதான கலன் சுமார் 13 மீட்டர் விட்டம் கொண்டது. உலையிலிருந்து வெளிவரும் சோடியத்தின் வெப்பம் 550 டிகிரிக்கு அருகில். நாற்பது ஆண்டுகள் தாங்க வேண்டும். வெளியே வங்காள விரிகுடாவின் உப்புக்காற்று.

இவ்வளவு சூட்டில் பிசகுகளைத் தடுப்பது மட்டும் போதாது. சூட்டில் அணுக்களே இடம் மாறும், பிசகுகள் தடையைச் சுற்றி ஏறிக் கடந்துவிடும். எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். இதைத் தாமதப்படுத்த நெருக்கமான ஆஸ்டெனைட் அடுக்கு உதவும், நகரச் சோம்பும் பெரிய மாலிப்டினம் உதவும். எனவே கல்பாக்கம் எடுத்துக்கொண்டதும் அதே 316 குடும்பம்தான். ஃபிலிம் லேப் விரும்பிய அதே மாலிப்டினம், இங்கே வேறொரு காரணத்துக்காக.

ஆனால் கரி ஒரு தொல்லை. பற்றவைத்த இடங்களில் அது குரோமியத்தைப் பறித்துவிட்டால், உப்புக்காற்று அங்கே வெடிப்பு உண்டாக்கும். கரியை 0.03 சதவீதத்துக்குக் கீழே இறக்கினார்கள். தொல்லை தீர்ந்தது, கூடவே கரி கொடுத்துவந்த பலமும் போனது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் நைட்ரஜன். சந்துக்குள் நுழையும் அதே வேலையை அது செய்யும், ஆனால் கரியைப்போல் குரோமியத்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கு ஓடாது. கரி குறைந்து நைட்ரஜன் சேர்ந்த இதற்கு 316 எல்.என். என்று பெயர்.

நைட்ரஜன் எவ்வளவு வேண்டும் என்பதற்கு கல்பாக்கத்து உலோகவியலார் 0.07, 0.11, 0.14, 0.22 சதவீதம் என்று நான்கு வார்ப்புகள் எடுத்து, ஆண்டுக்கணக்கில் சூட்டில் இழுத்தும் மாற்றி மாற்றி அழுத்தியும் பார்த்தார்கள். கூடக்கூடப் பலம் ஏறியது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் அழுத்தத்தைத் தாங்குவதில் அளவுக்கு மீறிய நைட்ரஜன் எதிராகவே வேலை செய்தது. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, வருங்கால உலைகளுக்கு 0.14 சதவீதம் ஏற்றது என்று முடிவு செய்தார்கள். இதற்குப் பின்னே ஓர் அணுவிசேஷம் உண்டு. நைட்ரஜன் எஃகு முழுக்கத் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதில்லை. குரோமியத்தின் பக்கத்துச் சந்தையே தேடிப் போகிறது. பிசகு கடக்கும்போது அந்தச் சேர்க்கையையும் பிரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

எரிபொருளை மூடும் மெல்லிய குழாய்களின் பாடு இன்னும் கடினம். நியூட்ரான்கள் ஓயாமல் மோதி அணுக்களை இடத்தைவிட்டுத் தட்டிவிடும். காலியான இடங்கள் ஒன்றுகூடி நுண்ணிய குழிகளாகி எஃகு வீங்கும். 1967இல் ஸ்காட்லாந்தின் டூன்ரே உலைக் குழாய்களை ஆராய்ந்த காதோர்ன், ஃபுல்டன் இருவரும் இதை வெளியிட்டபோது உலகின் வேக உலைத் திட்டங்கள் எல்லாம் ஒருகணம் நின்று யோசித்தன. அதற்கு மருந்தாக வந்த எஃகு டி9: குரோமியம் 15, நிக்கல் 15, மாலிப்டினம் 2 சதவீதம், கூடவே துளி டைட்டானியம். இரும்பைவிட மிகப் பெரிய அணுவான டைட்டானியம், கரியைத் தேடிப்பிடித்துச் சில நானோமீட்டர் அளவுள்ள கார்பைடு துகள்களாக எஃகு முழுக்கத் தூவிவிடும். அந்தத் துகள்கள் பிசகுகளை நிறுத்திவைக்கும். தவறிவந்த அணுவையும் காலியிடத்தையும் பிடித்து ஒன்றோடொன்று சேர வைக்கும். இத்தோடு விடாமல், குழாயைக் குளிர்நிலையில் 20 சதவீதம் இழுத்து, வேண்டுமென்றே பிசகுகளை நிரப்பி அனுப்புகிறார்கள். ஒன்றோடொன்று சிக்கிய பிசகுகள் ஓடுவதில்லை. டெய்லர் பலவீனம் என்று கண்டுபிடித்ததையே கல்பாக்கம் தடுப்பாக அடுக்குகிறது.

அணுவைப் பார்த்தவர்கள்

அணுக்களைப் பற்றி ஊகமாகவே சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய காலம் 1955இல் முடியத் தொடங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த இந்தியர் கன்வர் பகதூரும், குளிர்வித்த டங்ஸ்டன் ஊசியின் முனையில் தனித்தனி அணுக்களைப் பார்த்தார்கள். மனிதன் அணுவை நேரில் பார்த்த முதல் சந்தர்ப்பம். 1967இல் முல்லர் அடுத்த படி எடுத்துவைத்தார். பார்த்த அணுவை முனையிலிருந்து பிடுங்கி, அது பறந்துசெல்ல எடுக்கும் நேரத்தைக் கொண்டு அது இரும்பா, குரோமியமா என்று அடையாளம் கண்டார். அந்தக் கருவிக்கு ஆட்டம் புரோப் என்று பெயர்.

அதன் இன்றைய வாரிசு ஒன்று சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. நாட்டின் பல ஆய்வு நிறுவனங்கள் பங்குபோட்டுப் பயன்படுத்தும் தேசிய மையம். எஃகின் ஒரு துணுக்கை, முனை நூறு நானோமீட்டர் அளவுக்குக் கூர்மையாகும் வரை செதுக்கி, கடுங்குளிரில் வைத்து, மின்னழுத்தமும் லேசர் துடிப்பும் கொடுத்தால், அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். எது எங்கிருந்து வந்தது என்று கணினி மறுபடி அடுக்கிக்காட்டும். குரோமியத்தின் பக்கத்தில் நைட்ரஜன் இருக்கிறதா, டைட்டானியத்தைச் சுற்றி எத்தனை கரி அணு கூடியிருக்கிறது என்பதை எண்ணியே சொல்லலாம். ஃபாரடே கண்ணை மூடிக்கொண்டு கலந்த காலத்திலிருந்து நாம் வந்த தூரம் இது.

கோடம்பாக்கத்து லேப்கள் டிஜிட்டல் வந்த பிறகு ஒவ்வொன்றாக ஃபிலிம் கழுவுவதை நிறுத்திக்கொண்டன. 316க்கு வேலை குறையவில்லை. எலும்பு முறிவுக்கு வைக்கும் தகட்டிலும் திருகாணியிலும் அதே குடும்பம்தான் இருக்கிறது. ஒரே கலவை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக விரும்பப்படுவதன் ரகசியம், அதில் இருக்கும் ஒவ்வோர் அணுவும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை பார்ப்பதுதான்.

கடையில் நிற்பவருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. நிக்கல் விலை ஏறியபோதெல்லாம் அதன் இடத்தில் மாங்கனீசையும் நைட்ரஜனையும் வைத்து மலிவான எவர்சில்வர் செய்தார்கள். 200 வரிசை எனப்படும் அது, இந்த அத்தியாயத்தின் கணக்குப்படியே, 304ஐவிடக் கடினமாகத்தான் இருக்கும். தட்டிப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். ஆனால் துருவைத் தடுப்பது குரோமியம், உறுதியைக் கூட்டுவது நைட்ரஜன். கெட்டியாக இருப்பதால் துரு பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த மாங்கனீசை எஃகுத் தொழிலுக்குள் கொண்டுவந்ததில் நம் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் பங்குண்டு. சென்னை மாகாண அரசு வேலையை உதறிவிட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1839இல் இங்கிலாந்தில் அதற்காக ஒரு காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு அதனால் கொழித்தது. அவருக்கு மிஞ்சியது நீதிமன்ற வழக்கு. அடுத்த அத்தியாயத்தில் பரங்கிப்பேட்டைக்குப் போவோம்.

(தொடரும்)